கடவுளை நம்பாதவர் குடியிலிருந்து மீள முடியாதா?

வாசகர் கேள்விகளும் மனநல மருத்துவரின் பதில்களும்

இரண்டு இதழ்களுக்கு முன் குடிநோய் பற்றிய ஒரு கேள்விக்கு விடையளித்தபோது, மருத்துவச் சிகிச்சை முடிந்ததும், குடியிலிருந்து மீள விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் கூட்டங்களுக்குத் தவறாமல் செல்லும்படி எழுதியிருந்தேன். வேறு வழி எதையும் நான் குறிப்பிடாதது ஒரு குறைதான். அதைச் சுட்டிக்காட்டிச் சென்னையின் பல பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களில், இறைநம்பிக்கைக்கும் குடியை விடுவதற்கும் உள்ள உறவைக் கேட்டவற்றுக்கு மட்டும் இந்த முறை பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஃபிட்டராக வேலை பார்க்கிறேன். வயது 47. இருபது ஆண்டுகள் குடித்தவன், நான்கு மாதங்களுக்கு முன் மருத்துவமனையில் பத்து நாள் தங்கிச் சிகிச்சை பெற்றேன். அங்கே சொன்னபடி ஏ.ஏ. கூட்டத்துக்குப் போனேன். எல்லோரும் அன்பாகத்தான் பழகினார்கள். ஆனால், நம்மைவிட உயர்ந்த ஒரு சக்தியிடம் நம்மை ஒப்படைக்க வேண்டும் என்ற இடம் வந்ததும் எனக்கு வாய் வரவில்லை. என் அப்பா பெரியார் தொண்டர். எனக்கு நடந்தது சுயமரியாதைத் திருமணம். நம்பாததை நம்புவதாக நடித்தால், குடியை விட்ட பிறகும் பொய் சொல்லுகிறவனாகவே இருப்பேன். மூன்று வாரமாகக் கூட்டத்துக்குப் போகவில்லை. "உனக்கு அகங்காரம் போகவில்லை, மறுபடியும் குடிக்கத்தான் போகிறாய்" என்கிறார் என்னோடு சிகிச்சை பெற்ற நண்பர். அப்படித்தான் ஆகுமா?

பதில்: அப்படி ஆகவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. குடிநோய் பொய்யை உண்டு வளர்வது என்பதை இருபது ஆண்டு அனுபவம் உங்களுக்குக் கற்றுத் தந்திருக்கும். எவ்வளவு குடித்தோம், எங்கே போயிருந்தோம், சம்பளப் பணம் எங்கே போயிற்று என்று வீட்டில் சொன்ன பொய்கள் எத்தனை! அந்தப் பழக்கத்தை விட வந்த இடத்தில் இன்னொரு பொய் சொல்ல மாட்டேன் என்று நீங்கள் நின்றதை அகங்காரம் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குக் கவலை தருவது, மூன்று வாரமாக நீங்கள் யாரோடும் மனம்விட்டுப் பேசாமல் இருப்பது.

ஏ.ஏ. இயக்கம் 1935இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், குடியால் நொந்துபோன இருவர், பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும், ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததில் பிறந்தது. குடியிலிருந்து மீள அது வகுத்த பன்னிரண்டு படிகளில் ஆறு, கடவுளையோ உயர்ந்த சக்தியையோ நேரடியாகக் குறிப்பிடுகின்றன. உங்களுக்கு வந்த தயக்கம் அந்த இயக்கத்துக்குப் புதிதன்று. தொடக்க கால உறுப்பினர்களிலேயே நாத்திகர்கள் இருந்தார்கள், 'நாம் புரிந்துகொண்ட வகையில் கடவுள்' என்ற தொடர் அவர்களையும் மனத்தில் வைத்தே சேர்க்கப்பட்டது. உறுப்பினராக ஒரேயொரு தகுதி போதும், குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருக்கவேண்டும் என்பது அவர்களே வகுத்துக்கொண்ட மரபு. ஆகவே உரத்துச் சொல்ல மனம் வராத வரிகளில் மௌனமாக இருந்துகொண்டு, மற்றவர்களின் அனுபவத்தைக் கேட்பதற்காக மட்டும் அங்கே போகும் உரிமை உங்களுக்கு உண்டு. அதுவும் ஒவ்வாது என்றால், கடவுளை முன்வைக்காத வழிகள் அரை நூற்றாண்டாக வளர்ந்து வருகின்றன. 1970களின் நடுவில் ஜீன் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பெண்மணி, குடிநோயுற்ற பெண்களுக்கு 'நீ சக்தியற்றவள்' என்ற பாடம் தேவையில்லை, அவர்கள் அதை வாழ்நாள் முழுவதும் கேட்டவர்கள் என்ற எண்ணத்தில், பெண்களுக்கென்று தனி அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி என்ற அமைப்பு உளவியல் ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டது. அதன் கூட்டங்கள் இப்போது இணையவழியிலும் நடக்கின்றன, பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆனால், அதன் கருவிகளைப் பயன்படுத்த ஆங்கிலம் தேவையில்லை. ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதல் வேலையாக ஒரு பக்கத்தை நான்கு கட்டங்களாகப் பிரியுங்கள். குடிப்பதால் கிடைத்தது, குடிப்பதால் இழந்தது, விடுவதால் கிடைப்பது, விடுவதால் இழப்பது என்று ஒவ்வொன்றிலும் உண்மையை எழுதுங்கள். முதல் கட்டத்தையும் நான்காம் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். ஷிப்ட் முடிந்த அலுப்பு ஒரு கட்டிங்கில் கரைந்ததும், பார் மேசையைச் சுற்றி நான்கு நண்பர்கள் இருந்ததும் உண்மை. அவற்றை எழுதினால்தான் அவற்றுக்கு ஈடாக என்ன செய்வது என்று யோசிக்க முடியும்.

அடுத்தது, ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளர் 1950களில் உருவாக்கிய முறையை ஒட்டியது. நடந்த நிகழ்ச்சியையும் அதைத் தொடர்ந்து வந்த குடிவேட்கையையும் நாம் நேராக முடிச்சுப் போட்டுவிடுகிறோம். இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணம் ஓடியிருக்கும், அது கண்ணில் படுவதில்லை. சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலையிலும் திட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். "இந்த அவமானத்தோடு என்னால் இன்று தூங்கவே முடியாது" என்ற எண்ணம் ஒரு நொடியில் வந்துபோகும், அதன்பிறகுதான் கால் கடைப் பக்கம் திரும்பும். அந்த எண்ணத்தை நோட்டில் எழுதிப் பார்த்து, இது உண்மையா, இதற்குமுன் திட்டு வாங்கிய ஒரு நாளிலாவது குடிக்காமல் தூங்கியதில்லையா என்று கேட்டுப் பாருங்கள். எதையும் கேள்வி கேட்டுப் பழகிய குடும்பத்தில் வளர்ந்த உங்களுக்கு இந்த முறை கைவரும் என்றே நினைக்கிறேன்.

வேட்கையைப் பற்றியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அது ஏறிக்கொண்டே போய் நம்மை விழுங்கிவிடும் என்று தோன்றும். உண்மையில் கடலலைபோல் எழுந்து, உச்சிக்குப் போய், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். ஆலன் மார்லட் என்ற ஆய்வாளர் இதை அலைமேல் மிதப்பதற்கு ஒப்பிட்டார். அலையை எதிர்த்து முட்ட வேண்டாம், அது கடந்துபோகும்வரை இருந்த இடத்தில் இருந்தால் போதும். எந்த நாளில், எந்த மணியில் அந்த அலை வருகிறது என்று பதினைந்து நாள் குறித்து வையுங்கள். சம்பள நாள் மாலையும், வேலை முடிந்து வரும் வழியும் அந்தப் பட்டியலில் வந்தே தீரும் என்று நினைக்கிறேன். வந்தால், சம்பள நாளன்று உங்கள் துணைவியாரைத் தொழிற்சாலை வாசலுக்கு வரச்சொல்லி, இருவரும் சேர்ந்து வேறு வழியில் வீடு திரும்புங்கள்.

இந்த வழிகள் ஏ.ஏ.வுக்கு ஈடாகுமா என்று நண்பர் கேட்கக்கூடும். ஏ.ஏ.வையும் அதை ஒட்டிய சிகிச்சையையும் பற்றி 2020இல் வெளிவந்த, பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு, முழுமையாகக் குடியை நிறுத்துவதில் அவை மற்ற சிகிச்சைகளுக்குக் குறைந்தவை அல்ல, சிலவற்றைவிட மேலானவை என்றே காட்டியது. அந்த இயக்கத்தை நாம் குறைத்துப் பேசக் கூடாது. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஏ.ஏ. போன்ற பன்னிரண்டு படிக் குழுக்களையும், ஸ்மார்ட் உள்ளிட்ட மூன்று மாற்றுக் குழுக்களையும் ஒப்பிட்டது. எந்தக் குழுவாக இருந்தாலும் அதில் உண்மையாக ஈடுபட்டவர்கள் பயனடைந்தார்கள். எனவே நீங்கள் ஒரு குழுவில் இருக்கிறீர்களா என்பதுதான் என் கேள்வி. உங்களோடு வார்டில் இருந்தவர்களில் உங்களைப் போலவே தயங்கும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். வாரத்தில் ஒரு மாலை, யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் கூடி, இந்த நோட்டுகளை வைத்துப் பேசுங்கள். சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் ஆலோசகரை மாதம் ஒருமுறை பாருங்கள். கள்ளுக்கடை மறியல் காலத்தில் தம் தோப்பிலிருந்த தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தவர் பெரியார். குடியை மறுப்பதற்கு இறைநம்பிக்கை தேவையில்லாத ஒரு மரபு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

கேள்வி: பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒவ்வொரு வருடமும் கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் ஒரு சொட்டுத் தொடமாட்டார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்றிரவே பழையபடி ஆரம்பித்துவிடுவார். கோயிலில் கயிறு கட்டியும் பார்த்தோம். சாமிக்குப் பயந்து விட முடிந்தவருக்கு, எங்கள் இரண்டு பெண்களுக்காக ஏன் விட முடியவில்லை? இந்த வருடம் மாலை போட்ட மூன்றாம் நாள் கை கால் நடுங்கி, சுவரில் ஏதோ ஊர்கிறது என்று கத்தினார். சாமி குத்தம் என்று சொல்லிப் பரிகாரம் செய்தோம்.

பதில்: சகோதரி, கடைசியில் எழுதியதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. சுவரில் ஊர்ந்ததாக அவர் கண்டது சாமி குத்தம் அன்று. நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது மூளை கொந்தளிக்கிறது. மதுவின் அழுத்தத்துக்குப் பழகிய நரம்புகள், அந்த அழுத்தம் விலகியதும் கட்டுக்கடங்காமல் துடிக்கின்றன. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாத உருவங்கள் தெரிவதும், இடம் பொழுது மறப்பதும், காய்ச்சலும் ஏற்பட்டால் அதை மருத்துவ அவசரநிலையாகக் கருத வேண்டும். கவனிக்காமல் விட்டால் உயிரிழப்பும் நேரும். இப்படித் திடீரென நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதுமாக இருந்தால், ஒவ்வொரு முறையும் அந்தக் கொந்தளிப்பு முன்னைவிடக் கடுமையாகக்கூடும். ஆகவே அடுத்த முறை அவர் மாலை போடுவதானாலும் போடாவிட்டாலும், நிறுத்துவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கும் போகலாம். நரம்புகளை அமைதிப்படுத்தும் மருந்தை ஒரு வாரம் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்து, தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் போட்டால், இந்த நாட்களைப் பாதுகாப்பாகக் கடக்கலாம்.

அந்த ஒரு மண்டலம் எப்படி முடிந்தது என்பதை நீங்கள் அளந்து பார்த்தது சாமிமீதும் பிள்ளைகள்மீதும் அவருக்கு உள்ள அன்பை வைத்து. அந்த அளவுகோலைக் கீழே வைத்துவிடுங்கள், அது உங்களை மட்டுமே புண்படுத்துகிறது. மாலை போட்டவரின் நாள் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். விடியுமுன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார். உடையே அவரை யாரென்று ஊருக்குச் சொல்கிறது. நேற்றுவரை 'குடிகாரன்' என்ற தெரு இன்று அவரைச் 'சாமி' என்று அழைக்கிறது. ஆட்டோ ஸ்டாண்டில் குவார்ட்டர் பங்கு போட்ட கூட்டாளிகள், அவர் வந்தால் பாட்டிலை மறைக்கிறார்கள். சாயங்காலம் ஆனால் பஜனை இருக்கிறது, குருசாமி இருக்கிறார், உடன் விரதம் இருக்கும் பத்துப் பேர் இருக்கிறார்கள். எத்தனை நாள் என்ற கணக்கும் தெரிகிறது. இறைநம்பிக்கையை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், இவை ஒவ்வொன்றும் குடிநோய்க்கு மருந்தாக வேலை செய்பவை. மாலையைக் கழற்றும் நாளில் இவை எல்லாமே ஒரே நேரத்தில் கழன்றுவிடுகின்றன. மறுநாள் காலை அவருக்கு எழுந்திருக்கக் காரணம் இல்லை, மாலையில் போக இடம் இல்லை, கூப்பிட மரியாதையான பெயரும் இல்லை.

நீங்கள் பக்தியை விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. மலைக்குப் போய்வந்த பிறகும் தொடரக்கூடியவற்றை, மாலை கழுத்தில் இருக்கும்போதே, அவர் தெளிவாக இருக்கும் அந்த நாட்களிலேயே, அவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அதிகாலைச் சவாரிக்குப் போகும் வழக்கத்தைத் தொடர முடியுமா, குடிக்காத ஓட்டுநர்கள் நிற்கும் வேறு ஸ்டாண்டுக்கு மாற முடியுமா, மாலை நேரத்தில் பெண்களை டியூஷனிலிருந்து அழைத்துவரும் பொறுப்பை அவர் ஏற்பாரா என்று பாருங்கள். மாலையைக் கழற்றும் அதே நாளில் ஆலோசகரைச் சந்திக்க முன்பே நேரம் வாங்கி வையுங்கள். குடித்துவிட்டு வந்த இரவில் அவரோடு எதையும் வாதிட வேண்டாம், அழவும் வேண்டாம். உண்மையைப் பேசும் நேரம் மறுநாள் காலையில் வரும். குடிக்காமல் வந்த மாலைகளில் அவருக்குப் பிடித்த சமையலும் பேச்சும் இருக்கட்டும். குடும்பத்தார் இப்படி நடந்துகொள்ளக் கற்பிக்கும் பயிற்சி, சிகிச்சையே வேண்டாம் என்று மறுத்தவர்களில் பலரைச் சிகிச்சைக்கு வரவைத்திருக்கிறது. அவர் அடித்தால் மட்டும் இதெல்லாம் பொருந்தாது. அப்போது உங்கள் பாதுகாப்பும் பெண்களின் பாதுகாப்பும்தான் முதல் வேலை. பெண்களுக்கான உதவி எண் 181 இரவு பகலாக இயங்குகிறது.

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிறோம். என் அண்ணனுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார் என்று ஒரு மாத்திரையைத் தெரிந்தவர் ஒருவர் கொடுத்தார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அது டைசல்ஃபிராம் என்ற மருந்தாக இருக்க வாய்ப்பு அதிகம். 1940களின் பிற்பகுதியில் டென்மார்க்கில் குடற்புழுவுக்கு மருந்தாக ஆராய்ந்துகொண்டிருந்த இருவர், அதைத் தாங்களே விழுங்கிவிட்டு மது அருந்தியபோது உடல்நிலை மோசமானதைக் கண்டுதான் அதன் பயனை அறிந்தார்கள். மது உடலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாகி, பிறகு தீங்கற்ற பொருளாக மாறும். இந்த மருந்து இரண்டாவது மாற்றத்தைத் தடுத்துவிடுவதால் நச்சு தேங்குகிறது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். இதயக் கோளாறு உள்ளவருக்கு அது உயிரையே பறிக்கலாம். மாத்திரையை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம்வரை இந்த ஆபத்து உண்டு. தன் உடலில் மருந்து இருப்பது தெரியாதவர் வழக்கமான அளவுக்குக் குடித்துவிடுவார் என்பதை நினைத்துப் பாருங்கள். இதே மருந்து, நோயாளி விவரம் அறிந்து சம்மதித்து, ரத்தப் பரிசோதனை செய்து, தினமும் காலையில் வீட்டார் ஒருவர் முன்னிலையில் விழுங்கும்போது நல்ல துணையாகிறது. குடிவேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் இருக்கின்றன, அவையும் மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டியவை. 'அவருக்கே தெரியாமல் குடியை மறக்கடிக்கும்' என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளில் என்ன கலந்திருக்கிறது என்று அறிய உங்களுக்கு வழியில்லை. ஒருநாள் இது அண்ணனுக்குத் தெரியவந்தால், வீட்டுச் சோற்றையே சந்தேகிப்பார். பிறகு அவரைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் தகுதியை நீங்கள் இழந்துவிடுவீர்கள்.

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஐ.டி. துறையில் இருக்கிறேன். வயது 29. மதச் சார்பற்ற முறைகளில் முழுமையாக விடத் தேவையில்லை, அளவாகக் குடிக்கலாம் என்று படித்தேன். சரியா?

பதில்: பாதி சரி. கை நடுக்கமோ, காலையில் குடிக்கும் தேவையோ இல்லாமல், வார இறுதிகளில் அளவு மீறுகிறவர்களுக்குச் சில முறை ஆலோசனை அளித்தாலே குடி குறைகிறது. கோவாவில் ஆரம்பச் சுகாதார நிலையங்களில், மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் அதிகபட்சம் நான்கு அமர்வுகளில் நடத்திய ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. மூன்று மாதத்தில் ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 26 விழுக்காட்டினரும் அபாயகரமான குடியிலிருந்து விலகியிருந்தார்கள். ஆனால், உடல் மதுவுக்கு அடிமையான பிறகு அளவாகக் குடிக்க முயல்பவர்களில் மிகப் பலர் பழைய இடத்துக்கே திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். முதல் பதிலில் குறிப்பிட்ட 2018 ஆய்விலும், முழுமையாக விடுவதை இலக்காகக் கொள்ளாதவர்கள் பின்தங்கினார்கள். ஒரு மாதம் முழுவதும் குடிக்காமல் இருந்து பாருங்கள், நடுக்கம் வந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். அந்த மாதத்தை உங்களால் முடிக்க முடிகிறதா என்பதிலேயே உங்கள் கேள்விக்கான விடை பெருமளவு கிடைத்துவிடும்.

கேள்வி: தாம்பரம். என் தம்பியைச் சேர்த்த ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில், பிரார்த்தனையில் உட்கார மறுத்ததற்காக மொட்டையடித்து, ஒரு நாள் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். இனி எந்த மையத்துக்கும் வரமாட்டேன் என்கிறான். குடித்துக்கொண்டும் இருக்கிறான்.

பதில்: உங்கள் தம்பிக்கு நடந்தது சிகிச்சை அன்று, குற்றம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் வரும் மனநலப் பாதிப்பையும் தன் வரம்பில் சேர்த்திருக்கிறது. சங்கிலியால் கட்டுவதை அது எந்த வடிவிலும் தடை செய்கிறது. கட்டாயமாக மொட்டையடிப்பதையும், மதத்தின் பெயரால் பாகுபாடு காட்டுவதையும் அது அனுமதிப்பதில்லை. மனநலச் சிகிச்சை தரும் மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்த மையத்தின்மேல் மனநல மறுஆய்வு வாரியத்தில் நீங்கள் புகார் செய்யலாம், அதற்கு இலவசச் சட்ட உதவி பெறவும் சட்டம் வழி செய்கிறது.

தம்பியிடம் 'இனி அப்படி நடக்காது' என்று நீங்கள் சொன்னால் அவர் நம்பமாட்டார், நம்பவும் தேவையில்லை. மையத்தில் தங்காமலே வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற முடியும் என்று சொல்லுங்கள். இந்திரா நகரில் குடி, போதை அடிமைத்தனத்துக்கென்றே இயங்கும் டி.டி.கே. மருத்துவமனையிலோ, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ முதலில் ஒரு நேர்காணலுக்கு மட்டும் போய்வரலாம். நேரில் வரவே மறுத்தால், மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவி எண் 14416 ஆகியவற்றில் அவரே பேசலாம், தமிழிலும் பேசலாம். எங்கே போவதானாலும் பதிவுச் சான்று இருக்கிறதா, மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், குடும்பத்தார் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமா, பிரார்த்தனையில் கலந்துகொள்வது அவரவர் விருப்பமா, வீடு திரும்பிய பின் எத்தனை மாதம் தொடர்ந்து கவனிப்பார்கள் என்று சேர்ப்பதற்கு முன்பே கேளுங்கள். இந்தக் கேள்விகளை நீங்கள் கேட்பதைவிடத் தம்பியே கேட்பது நல்லது. அவர் நிதானமாக இருக்கும் ஒரு காலையில், தனக்கு என்னென்ன நடக்கக் கூடாது என்று அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொல்லி, முதல் சந்திப்பில் மருத்துவரிடம் அந்தத் தாளைக் கொடுங்கள்.